அவள் எழுதிய வரிகள்

சாப்பாட்டு மேசைமேல் அவளுடைய மடிக்கணினி திறந்திருக்கிறது. திரையின் நீல வெளிச்சம், சோதனைக்கு வந்த அதிகாரியின் மூக்குக்கண்ணாடியில் அசைகிறது. மருத்துவமனைக் கணினிகளுக்குள் திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டைகளைத் தேடித் தரும் நிரல் அந்தத் திரையில் இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடித்து அவள் மருத்துவமனைக்குச் சொன்னாள். மருத்துவமனை போலீசுக்குச் சொல்லிவிட்டது. அப்பா நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்தபடி நிற்கிறார். "கதவு திறந்து கெடக்குன்னு சொன்னவளையே புடிச்சா எப்படி சார்?" அதிகாரி பெருமூச்சு விடுகிறார். "இந்த மாதிரி கருவியை வெச்சிருந்தா அபராதம், உருவாக்கினா ஜெயில். எதுக்குன்னு சட்டம் கேக்காது, பெரியவரே." பிறகு அவள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்துகிறார். "நெட்ல கெடந்ததை எடுத்தேன்னு சொல்லும்மா, அப்படியே எழுதிக்கிறேன்." அப்பா அவளைப் பார்த்து, சொல்லிவிடு என்பதுபோல் வேகமாகத் தலையாட்டுகிறார். சமையலறைக் குழாய் சொட்டுகிறது. அவள் வாயைத் திறக்கும் முன்பே அதிகாரி திரையை உருட்டிச் சிரிக்கிறார். "பாத்தாலே தெரியுதே, எவனோ அரைகுறை கிறுக்கினது." அவள் முகம் சிவக்கிறது. "அரைகுறை இல்ல சார். ஒவ்வொரு வரியும் நான் எழுதினது." குரல் மெல்லியதுதான், ஆனாலும் அறை முழுக்கக் கேட்கிறது. ஆடிக்கொண்டிருந்த அப்பாவின் தலை பாதியில் நிற்கிறது. அதிகாரி சிரிப்பை விட்டுவிட்டு, அவளைப் பார்க்காமலே எழுதுவதற்காகப் பேனாவின் மூடியைத் திருகித் திறக்கிறார்.