பிடிக்காத நிறம்

“ஏனுங்க அம்மணி, முடிஞ்சுபோன சார்ட்டை மறுபடியும் எதுக்கு நோண்டிட்டிருக்கீங்க?”

மேலாளர் சுரேந்தர் குரலை உயர்த்தியதும் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லோகப்பிரியா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அந்த நிறம் எனக்குப் பிடிக்கலீங்க சார். மாத்திப்போடறேன்.”

சரவணம்பட்டியில் இருக்கும் அந்த அலுவலகத்துக்கு அன்று மதியம் ஜெர்மனியிலிருந்து வீடியோ அழைப்பு வரும். வீடியோ கேம் கன்சோல் விற்கும் மூன்று கம்பெனிகளில் எந்தச் சந்தையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று சார்ட் காட்டி விளக்க வேண்டும். ஜப்பான், ஐரோப்பா, அமெரிக்கா, இந்தியா என்று தனித்தனி வட்டங்கள். அவற்றில் மூன்று கம்பெனிகளுக்கும் அதனதன் நிறமான சிவப்பு, பச்சை, நீலம். நன்றாகப் பேசுகிறவருக்கு ஜெர்மனியிலேயே வேலை.

பேசப்போவது ரவிதேஜா. சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவன் சொதப்பினால் அடுத்த பெயர், பல வருடமாக அங்கே உழைக்கும் லோகப்பிரியா.

“பிடிக்கலியா? கம்பெனியோட நிறமுங்க அது!”

“இருக்கட்டுமுங்க. வட்டமும் வேண்டாம். பட்டை பட்டையாப் போட்டு, ஒவ்வொண்ணு மேலயும் பேரை எழுதிப்போடறேன்.”

சுரேந்தர் குனிந்து குரலைத் தாழ்த்தினார். “உங்க வருத்தம் புரியுதுங்க. அதுக்காக அந்தத் தம்பி பேசப்போற நேரத்துல சார்ட்டை மாத்தி அவரைக் குழப்பறது நல்லா இல்லீங்க.”

லோகப்பிரியாவின் முகம் சுண்டிப்போனது. ஆனால் கை நிற்கவில்லை.

“நீங்க எப்படி வேணும்னாலும் நெனச்சுக்கங்க சார். பழைய சார்ட் போக நான் விடமாட்டேன். தப்பாப் போச்சுன்னா பழி என்னோடதாவே இருக்கட்டும்.”

தள்ளி நின்றிருந்த ரவிதேஜா தயங்கித் தயங்கி, “மாத்தட்டும் விடுங்க சார், நான் பார்த்துக்கறேன்” என்றான்.

“உங்களுக்கு இருக்கற மனசு எல்லாத்துக்கும் இருக்காதுங்க தம்பி” என்று அவள் காதில் விழும்படியே சொல்லிவிட்டு சுரேந்தர் போனார்.

சாப்பிடக்கூட எழாமல் வேலை செய்தாள். ஒரு கம்பெனிக்கு அடர்ந்த நீலம், ஒன்றுக்குக் கோடுகள், ஒன்றுக்குப் புள்ளிகள். ஒவ்வொரு பட்டையின் மேலும் பெரிய எழுத்தில் பெயர், சதவீதம். அழைப்பு வரும் நேரத்துக்குச் சற்று முன்புதான் முடிந்தது.

ரவிதேஜா எங்கும் தடுமாறவில்லை. ஜெர்மனிக்காரர்கள் ஐரோப்பா சார்ட்டிலிருந்து திடீரென்று இந்தியாவுக்குத் தாவிக் கேட்டபோதும், சரியான பட்டையைச் சுட்டிப் பதில் சொன்னான். மறுமுனையில் கைதட்டினார்கள். ஜெர்மனிப் பயணம் அவனுக்கு உறுதியானது.

“நல்லவேளை, தம்பி சமாளிச்சுப்போட்டாப்ல” என்று லோகப்பிரியாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியேறினார் சுரேந்தர். மற்றவர்களும் போனார்கள்.

ரவிதேஜா மட்டும் அவள் அருகே வந்தான். கண் கலங்கியிருந்தது.

“ஏனுங்கக்கா, நேத்து ஒத்திகையில நான் பச்சையக் காட்டிச் சிவப்புன்னு சொன்னப்ப நீங்க மட்டுந்தானே கூட இருந்தீங்க... அது ரெண்டும் என் கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும்னு சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஜெர்மனிக்கு நீங்க போயிருப்பீங்களேக்கா!”