இடக் கன்னம்

ஓடிக்கொண்டிருந்தார்.

பின்னால் எதிரியின் குதிரைப்படை. அவர்களுடைய வெற்றிக் கூச்சல் நன்றாகவே கேட்டது. மங்கோலியப் படைத்தலைவர் முதுகு காட்டி ஓடுவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

பாவம். கொஞ்ச நேரத்தில் தெரிந்துகொள்வார்கள்.

தோற்றதுபோல் ஓடுவது. துரத்தி வருகிறவர்கள் வரிசை கலைந்து, களைத்து, பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் கறுப்புக் கொடியைத் தூக்குவது. கொம்பு ஊதும். படை மொத்தமும் திரும்பிப் பாயும். இந்த ஒரே தந்திரத்தால் பல அரசுகளைக் கவிழ்த்தவர் அவர்.

"எப்படித்தான் ஒவ்வொரு தடவையும் நம்புறாங்க?" என்று ஒருமுறை அரசவையில் இளவரசன் ஒருவன் சிரித்துக்கொண்டே கேட்டான்.

அவரும் கூடச் சிரித்துவைத்தார்.

போர்கள் எல்லாம் மேற்கே. வீடு கிழக்கே. போர்க்களத்தில் முதுகு காட்டி ஓடும்போது மட்டும்தான் குதிரையின் முகம் வீட்டைப் பார்த்து இருக்கும்.

அந்த ஓட்டத்தில் பொய்யே இல்லை. திரும்புவதுதான் பொய்.

அவர் பிறந்த புல்வெளியில் ஒரு வழக்கம் உண்டு. ஊரைவிட்டுப் போகிறவரின் வலக் கன்னத்தை முகர்ந்து அனுப்புவார்கள். இடக் கன்னம், அவர் திரும்பி வந்த பிறகு.

மனைவி ஓயுன் அப்படித்தான் அனுப்பினாள். கல்யாணமான வருடத்தில், முதல் பனி விழுந்த காலையில்.

அதன்பிறகு வீடு திரும்பும்போதெல்லாம் பாதி வழியில் அடுத்த போருக்கான ஆணை வந்தது. திரும்பித் திரும்பியே தலை நரைத்துவிட்டது.

சண்டையில் கேடயத்தை இடப்பக்கம் கொஞ்சம் உயர்த்தியே பிடிப்பார். வலக் கன்னம் முழுக்கத் தழும்பு. இடக் கன்னத்தில் ஒரு கீறல் இல்லை. கிழவருக்கு அழகு கெட்டுவிடும் என்று பயம், என்று வீரர்கள் தங்களுக்குள் கேலி பேசிக்கொள்வார்கள்.

போன வசந்தத்தில் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். இறங்கி, இடக் கன்னத்தைக் காட்டிக் குனிந்தார்.

அப்போது அந்த மணிச்சத்தம். தூதுவனின் குதிரை.

ஓயுன் அவர் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துத் திருப்பினாள். தழும்புகளின் மேல் முகர்ந்தாள்.

"அதையும் இப்பவே குடுத்துட்டா, அப்புறம் எதுக்குத் திரும்பி வருவீங்க?"

அவளுக்கும் நரைத்திருந்தது. இன்னொரு முறை வாய்க்காது என்று இருவருக்கும் தெரியும். அவர் மறுபடி குதிரையில் ஏறினார்.

பள்ளத்தாக்கு வந்துவிட்டது.

"ஐயா! கொடி!"

பக்கத்தில் ஓடிவந்த துணைத்தலைவன் ஓல்ஜெய் கத்தினான்.

கொம்பு ஊதியும் திரும்பாதவனின் தலை தங்காது. இந்தச் சட்டத்தைக் காலமெல்லாம் ஓதி வந்தவர் அவர்தான். அதன்படி எத்தனையோ பேரை அனுப்பியும் வைத்திருக்கிறார்.

கொடியை எட்டி அவன் கையில் கொடுத்தார்.

"இன்னிக்கு நீ தூக்குப்பா."

கொம்பு ஊதியது. படை திரும்பியது. குளம்புச் சத்தம் மேற்கே போய்த் தேய்ந்தது.

ஒரு குதிரை மட்டும் கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

அவர் இடக் கன்னத்துப் புழுதியைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.