இருபத்து நான்கு தாள்கள்

கழுவிய தாளை எங்கள் சூப்பர்வைசர் மிஸஸ் க்ராண்டல் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

மை போயிருந்தது. வண்ணம் போயிருந்தது. பேனா முள் கீறிய தடம் மட்டும் அப்படியே நின்றது.

“பேனா பிடிச்சியா, ஏர் ஓட்டினியா ஹேசல்?”

ஹேசல் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

கார்ட்டூனைப் படம்பிடித்து முடித்ததும், கண்ணாடி மாதிரியான செல்லுலாயிட் தாள்கள் எங்கள் தொட்டிக்கு வரும். சோப்புத் தண்ணீரில் கழுவி மாடிக்கு அனுப்புவோம். அதே தாளில் அடுத்த படம். போர்க்காலம், புதுத் தாள் கிடைக்காது. அதனால் பென்சில் படத்தின் மேல் தாளை வைத்து மை போடுகிற பெண்கள் முள் பட்டும் படாமலும் கோடு இழுக்க வேண்டும். கீறல் விழுந்தால் தாள் குப்பைக்கு.

ஹேசல் மூன்று வருடம் என்னோடு தொட்டியில் கை ஊறக் கிடந்துதான் மாடியில் அந்த நாற்காலியைப் பிடித்தாள். அவள் தாள் ஒன்றுகூடக் குப்பைக்குப் போனதில்லை.

இன்று இருபத்து மூன்று.

கரடி ரயிலில் ஏறி, திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் காட்சி. திரையில் ஒரே நொடி, அதற்கு இருபத்து நான்கு தாள். வரைந்தவர் எமில் கோவாச். மேசைமேல் கண்ணாடியை வைத்துக்கொண்டு, தானே சிரித்துப் பார்த்து, அந்தச் சிரிப்பைக் கரடிக்குக் கொடுப்பார். படத்தில் டைரக்டர் பெயர்தான் வரும். அவர் பெயர் வராது.

வரைந்த கையோடு பட்டாளத்துக்குப் போனார். பென்சில் படம் ஒரு வருடம் அலமாரியில் கிடந்தது. அது மை போட வருவதற்குள் இத்தாலியில் செத்துப்போனார்.

“நாளைலேருந்து நீ கீழ தொட்டிக்கே வந்துடு” என்ற மிஸஸ் க்ராண்டல், ஒரு தாளை மட்டும் என்னிடம் நீட்டினார். “இதுல தடம் லேசு, இது ஒண்ணுதான் தேறும், மேபல். மாடிக்கு அனுப்பு.”

அவர் போனதும் ஹேசல் குப்பைக்கூடையில் கையை விட்டாள். தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கவுனில் துடைத்து அடுக்கினாள்.

“பைத்தியமாடி உனக்கு? அந்த நாற்காலிக்கு எப்படி நாயா அலைஞ்ச. கை நடுங்கினா சொல்லித் தொலைக்கிறதுதானே?”

“நடுங்கல மேபல். அழுத்தித்தான் போட்டேன்.”

ஒரு தாளை வெளிச்சத்தில் காட்டினாள். பழுப்பு நிறம் போனபின் அங்கே கரடி இல்லை. இடப்புருவம் மட்டும் ஏறிய ஒரு சிரிப்பு இருந்தது.

“அவரு சிரிச்ச போட்டோ எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. கல்யாணத்தையே மறைச்சோம், போட்டோவுக்கு எங்க போக?”

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் எங்கள் கம்பெனியில் சேர்ந்து வேலை பார்க்கக் கூடாது. தெரிந்தால் பெண்டாட்டிதான் போக வேண்டும்.

என் கையில் அந்த இருபத்து நான்காவது தாள் இருந்தது.

கொண்டை ஊசியை உருவினேன். எதுவும் வரையாத ஒரு மூலையில் அழுத்தி ஒரு கோடு இழுத்து, அவள் அடுக்கின்மேல் வைத்தேன்.