மேல்வீட்டுச் சிரிப்பு

"அப்பா, அங்கே என்ன அவ்வளவு சத்தம்?" என்று போனில் கேட்டாள் மகள்.

"மேல்வீட்ல சிரிக்கிறாங்க."

"தையல்கார அக்கா வீட்லயா? அவங்க வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகலையேப்பா!"

"அதைத்தான் நானும் கேக்கறேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனாப் போதும், ஆளுங்க வந்து கூடிடறாங்க. கூரை பிச்சுக்கிட்டுப் போகுது. போனை வை. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்."

போனை வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கண்ணாடிக்கடைக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் மனைவி இறந்தும் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அன்றிலிருந்து அவர் வீட்டில் டி.வி. ஓடவில்லை, ஜன்னல் திறக்கவில்லை. கடையை விட்டால் வீடு, வீட்டை விட்டால் கடை. துக்கம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

படியேறும்போதே மறுபடி ஒரு வெடிச்சிரிப்பு. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கதவு திறந்தேதான் இருந்தது. உள்ளே தையல் மெஷினைச் சுற்றி ஐந்தாறு பேர். காக்கிச் சட்டை போட்ட பஸ் டிரைவர் ஒருவர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என் சம்சாரம் என் பஸ்ல ஏறினா டிக்கெட்டே எடுக்க மாட்டா. கண்டக்டர் கேட்டா, 'டிரைவர் எனக்கு ரொம்ப வேண்டப்பட்டவர்'ம்பா. ஒரு தடவை கோபத்துல இருந்தா. அன்னிக்கு அவளே காசை நீட்டி டிக்கெட் வாங்கிக்கிட்டு, 'இந்த டிரைவர் யாருன்னே எனக்குத் தெரியாது'ன்னுட்டா!"

மறுபடி சிரிப்பு. தையல்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"வெட்கமா இல்லையா உங்களுக்கெல்லாம்?" என்று கத்தினார் கண்ணாடிக்கடைக்காரர். "இது துக்க வீடும்மா! ஞாபகம் இருக்கா?"



"இருக்குண்ணா" என்றார் தையல்காரம்மா நிதானமாக. "இங்க இருக்கற எல்லார் வீடும் துக்க வீடுதான். டிரைவர் அண்ணனுக்கு மனைவி போயிட்டாங்க. புருஷன் பொண்டாட்டி இவங்க ரெண்டு பேருக்கும் ஒரே மகன். டீச்சருக்குக் கூடப்பிறந்த அக்கா."

கண்ணாடிக்கடைக்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்க்க, தையல்காரம்மா தொடர்ந்தார்.

"கூட அழறதுக்கு நிறையப் பேர் வந்தாங்கண்ணா. கொஞ்ச நாள்ல அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க. இப்ப நான் அவர் பேரை எடுத்தாலே பேச்சை மாத்திடறாங்க. அழுதுடுவேனோன்னு பயம். எனக்கு அவரைப் பத்திப் பேசாம இருக்க முடியலை. அதான், இங்க கூடிப் பேசறோம். முக்கால்வாசி நேரம் சிரிப்புலதான் போய் முடியுது. என்ன செய்ய, போனவங்க அப்படி!"

டீச்சர் எழுந்து தன் நாற்காலியைக் கண்ணாடிக்கடைக்காரர் பக்கம் நகர்த்தினார். "உங்க வீட்டம்மா எப்படி சார்?"

இத்தனை மாதத்தில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. கிளம்பிவிடத்தான் நினைத்தார். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவளா?" என்றார். "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டவன் நான். என் பொண்டாட்டிக்கு மட்டும் மாட்ட முடியலை. முகம் கெட்டுப் போயிடுமாம். ஒருநாள் மார்க்கெட்ல வேற ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'இந்தத் தொப்பையைக் குறைங்க, குறைங்கன்னு எத்தனை தடவை சொல்றது'ன்னு திட்டிக்கிட்டே போறா. அந்தாளும் 'சரிம்மா, சரிம்மா'ன்னு தலையை ஆட்டிக்கிட்டுக் கூடவே போறார். நான் ரெண்டு கையிலயும் பையைத் தூக்கிட்டுப் பின்னாடி ஓடறேன்!"

"அவர் ஏன் சார் சும்மா போனார்?"

"அதையேதான் நானும் கேட்டேன். 'என் சம்சாரமும் தினம் இதையேதான் சார் சொல்லுவா. திட்டு விழுந்ததும் பழக்கத்துல கூட வந்துட்டேன்'னார்!"

டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். தையல்காரம்மா மெஷின் மேலேயே கவிழ்ந்துவிட்டார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது கண்ணாடிக்கடைக்காரர்தான். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவருக்கே தெரியவில்லை. யாரும் பேச்சை மாற்றவில்லை. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, "இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க" என்று ஆரம்பித்தார்.

இருட்டத் தொடங்கியதும் எல்லாரும் கலைந்தார்கள். டிரைவர் அவருடன் சேர்ந்து படி இறங்கினார்.

"தப்பா நினைச்சுட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "ஆனா அடுத்த வாரம் நாம கொஞ்சம் மெதுவாவே சிரிப்போம். என்னை மாதிரி எவனாவது சண்டைக்கு வந்துடப் போறான்."

"இனிமே மெதுவாவே சிரிக்கலாம் சார்" என்றார் டிரைவர். "முதல்ல எங்க வீட்லதான் கூடிக்கிட்டிருந்தோம், அக்கம்பக்கத்துக்குக்கூடக் கேக்காது. தையல்காரத் தங்கச்சிதான், 'எங்க கீழ்வீட்டு அண்ணன் கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கார், கூப்பிட்டாலும் வரமாட்டார். இனிமே எங்க வீட்ல கூடி நல்லா சத்தமாச் சிரிப்போம், சண்டை போடவாவது மேலே வருவார்'னு இடத்தை மாத்தினாங்க!"