மணி அடித்த பிறகு

மழைக்காலம் முடியும் தறுவாய். மாலை நான்கு மணி. தற்கொலைத் தடுப்புப் பயிற்சிக்கு வந்திருந்த மருத்துவர்களுக்கு அன்று செய்முறைத் தேர்வு. தேறியவர்களுக்கு மட்டுமே வீடு வீடாகச் செல்லும் ஆய்வுக் குழுவில் இடம்.

பயிற்சி நடத்தும் டாக்டரம்மாவே நோயாளியாக நடிப்பார். கடை நொடித்துப்போன வியாபாரி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய் என்பது வேடம். மணி அடிப்பதற்குள் பேச்சுக் கொடுத்து, கேட்கத் தயங்கும் அந்தக் கேள்வியை நேராகக் கேட்டுவிட வேண்டும்.

கடைசியாக வந்தவர், வகுப்பே ‘ஆமை’ என்று அழைக்கும் நடுவயது டாக்டர். ஏற்கெனவே ஒருமுறை தோற்றவர்.

"தூக்கம் எப்படிம்மா இருக்கு?"

"படுக்கிறேன். அவ்வளவுதான்."

"செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?"

"தோணினா என்ன? என்னைத் தேட யாரு இருக்கா?"

மணி அடித்தது.

"முடிஞ்சது. எழுந்திருங்க," என்றார் டாக்டரம்மா.

ஆமை எழவில்லை. "மேடம், அந்த வியாபாரிக்கு ரெண்டு பிள்ளைங்க. தேட யாருமில்லாதது யாருக்கு?"

"சரியாப் போச்சு! டாக்டரம்மாவுக்கே வைத்தியமா?" என்றது பின்வரிசை. படித்தவர்கள், இருந்தும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"ஏதோ மறந்து உளறிட்டேன். மணி அடிச்ச பிறகும் பேசினா எடுத்த மதிப்பெண்ணும் போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் மேடம், போகட்டும். இப்ப உங்களைத்தான் கேக்கறேன். அப்படித் தோணுதா?"

"வரம்பு மீறாதீங்க!"

பக்கத்தில் இருந்த டாக்டர் அவர் சட்டையை இழுத்தார். "யோவ், இந்தத் தடவையும் கோட்டை விடாதேய்யா. மன்னிப்புக் கேளு."

"மன்னிச்சுக்குங்க மேடம்," என்று எழுந்தார் ஆமை. "ஆனா நீங்க கிளம்புற வரைக்கும் வெளியிலதான் உட்கார்ந்திருப்பேன். அவசரமே இல்ல, நான்தான் ஆமையாச்சே."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. தாளில் ‘தோல்வி’ என்று அழுத்தி எழுதிக் கையெழுத்திட்டார்.

எல்லோரும் கலைந்த பின்னும் வாசல் பெஞ்சில் ஆமை உட்கார்ந்தே இருந்தார்.

மறுதேர்வில் அவர் தேறினார். அதற்கான கட்டணத்தை அந்த மாதக் கடைசியில் கட்டியவர் டாக்டரம்மா. அதற்கு முன்பே, தோற்கடித்த மறுநாள் காலையில், துணைக்கு அதே ஆமையை அழைத்துக்கொண்டு ஒரு மனநல மருத்துவரிடம் போய், நோயாளியாகத் தம் சொந்தப் பெயரைச் சொல்லி, இன்னொரு கட்டணத்தையும் அவர் கட்டியிருந்தார்.