ஒன்பது தும்மல்

என் கணவருக்குப் பூனை ஒத்துக்கொள்ளாது. எங்கள் பூனைக்குச் சாப்பாடு போடுவது நான். அதற்கு மடி மட்டும் அவருடையதுதான் வேண்டும். தினமும் மாலை ஆறு மணிக்கு அவர் செய்தித்தாளுக்கு அடியில் புகுந்து தூங்கும். அவர் ஒன்பது முறை தும்முவார், கண் சிவந்துபோகும், "சனியனே" என்று திட்டுவார். இறக்கி மட்டும் விடமாட்டார்.

போன வருடம் பூனை செத்துப்போனது. வீட்டை மூலைமுடுக்கெல்லாம் கழுவினோம், சோஃபாவையும் மாற்றினோம். தும்மல் நின்றது. கூடவே அவர் பேச்சும் குறைந்தது.

இந்தத் திங்கட்கிழமை ஆறு மணிக்கு மறுபடி தும்மினார். எண்ணினேன், ஒன்பது. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அவர் ரத்தத்தை நானே எடுத்துப் பார்த்தேன். ஒவ்வாமையில் கூடும் வெள்ளை அணுக்கள், பூனை இருந்த காலத்து அளவுக்கே ஏறியிருந்தன.

"மாத்திரை போடுங்க, நின்னுடும்."

"எதுக்கும்மா? நான் நல்லாத்தானே இருக்கேன்," என்று கண் சிவக்கச் சிரித்தார்.

நேற்று ஆறு மணிக்கு டீ கொண்டுபோனேன். மடியில் செய்தித்தாளை விரித்திருந்தார். "அங்கேயே வச்சிடு," என்றார், காலை அசைக்காமல். தாள் நடுவில் மேடாக இருந்தது, மெதுவாக ஏறி இறங்கியது.

மின்விசிறியை நிறுத்தினேன்.

தாள் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது.