சென்சார் சொன்ன பொய்

"இந்த சென்சாரும் பொய்தான் சொல்லுது" என்றார் மெக்கானிக், லேப்டாப்பைப் பார்த்தபடி.

"என்னவாம்?" என்று கேட்டாள் மனைவி.

"ராத்திரி முழுக்க நின்ன இன்ஜின் ஜில்லுன்னு இருக்கணும். இது சூடுன்னு காட்டுது. ரெண்டு தடவை மாத்தியாச்சு."

தன் பழைய காருக்கு அவர் புது கம்ப்யூட்டர் பொருத்தியிருந்தார். குளிரில் எவ்வளவு பெட்ரோல் கூட்டித் தர வேண்டும் என்று அதற்குச் சொல்லித்தர வேண்டும். சென்சாரை நம்பாமல் தன் அனுபவத்தை நம்பி, தினமும் எண்களை மாற்றிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கும் இப்படின்னா வண்டியை வித்துடப்போறேன்."

அவள் பதறிப்போனாள். "விக்காதீங்க. அது நிஜத்தைத்தான் சொல்லுது. மாடி வீட்டுப் பொண்ணோட குழந்தை குறைமாசத்துல பிறந்து ஆஸ்பத்திரியில இருக்கில்ல? விடியறதுக்கு முன்னாடி அதுக்குத் தாய்ப்பால் கொண்டுபோகணும். அப்போ பஸ் கிடையாது. நீங்க குறட்டை விடற நேரத்துல நான்தான் அவளை நம்ம கார்ல கூட்டிட்டுப் போயிட்டு வர்றேன்."

"சொல்லியிருக்கலாமே?"

"வேலை முடியறவரைக்கும் யாரும் வண்டியைத் தொடக்கூடாதுன்னீங்களே."

"அந்தக் குளிர்ல எப்படி ஸ்டார்ட் ஆச்சு?"

"முதல் நாள் சாவியைத் திருப்பினதுமே கிளம்பிடுச்சு. நீங்க சரிபண்ணச் சரிபண்ணத்தான் இருமுது."

வீட்டில் கோளாறான ஒரே சென்சார், தான்தான் என்று அவருக்குப் புரிந்தது. முதல் நாள் எண்களையே திரும்பப் போட்டார்.

மறுநாள் விடியுமுன், பால் பாட்டிலோடு நின்ற பெண்ணிடம், "ஏறும்மா, இனிமே நான் வர்றேன்" என்றார். சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பியது.

வீட்டுக்குள்ளே மனைவி நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.